டேப் விசை காட்டிய பூனைகள்

ஸ்தாமெனின் மாமியார் இறந்து ஒரு வருடம் நிறைந்ததற்கு ஒட்டிய அஞ்சலித் தாளில் மாமியாரைக் காணவில்லை. கறுப்புக் கட்டம் இருந்தது. மேலே சிலுவை இருந்தது. ஸ்தோயன்கா என்ற பெயரும், 'உன் குரல் இன்னும் இந்த வீட்டில் கேட்கிறது' என்ற வரியும் இருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு சதுரம். அவள் மகள், ஸ்தாமெனின் மனைவி வான்யா, மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, தன் கையாலேயே பசை தடவி, அம்மா வாழ்ந்த அடுக்குமாடியின் வாசல் கதவில் அதை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்.

தன்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் ரூசே நகரில் எந்தக் கதவைப் பார்த்தாலும் இந்தத் தாள்கள்தான். நாற்பதாம் நாள், ஆறு மாதம், வருடம் என்று ஒருவர் செத்த பிறகும் பத்துப் பதினைந்து வருடம் அந்த முகத்தை வாசலில் பார்த்துக்கொண்டே காய்கறி வாங்கப் போவார்கள். அதனால் முகமில்லாத தாள் என்றால் கட்டடமே இறங்கி வந்து பார்க்காமல் இருக்குமா? மூன்றாம் மாடியில் முட்டைக்கோஸ் ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்காமல் வந்தாள். ஸ்தோயன்காவுக்கு உயிரோடு இருந்தபோதே போட்டோ எடுத்தால் பிடிக்காது, இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள் என்று அவள் சொன்னது, வான்யாவின் காதுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று இறந்தோர் சனிக்கிழமை வேறு. ஊரே வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகிற நாள். சந்தைக்குப் பின்னால் சவப்பெட்டியும் மலர்வளையமும் விற்கும் பென்ச்சோவின் கடையில்தான் பாதி ஊர் அஞ்சலித் தாள் அடிக்கும். அந்தக் கடையின் நவம்பர் மாதப் படங்கள் முழுவதும் வெள்ளிக்கிழமை மதியம் காணாமல் போயிருந்தன. மாற்றுப் பிரதியில் இருந்து பழையவற்றை எடுத்தார்கள். அந்த வாரம் கொடுத்தவை மட்டும் எங்கேயும் இல்லை. பென்ச்சோ அவசரத்தில் பார்க்காமல் அடித்த தாள்களில் சில முகங்கள் வெறும் சதுரமாகிவிட்டன. அதில் ஒன்று ஸ்தாமெனின் மாமியார் என்பது வெல்கோவின் கெட்ட நேரம்.

ஏனென்றால் பென்ச்சோவின் கடைக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நிறுவனம் ஸ்தாமெனுடையது. படங்களை அழித்தது வெல்கோவின் விரல்.

வெல்கோவுக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. ஸ்தாமெனும் அவரும் ஒரே மேசையில் இரண்டு நாற்காலி போட்டுத் தொடங்கிய நிறுவனம் அது. போன வருடத்தில் இருந்து அவருடைய வலது கை நடுங்குகிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தெரியாத மாதிரி இருந்தார்கள். அவர் காப்பியைப் பாதிக் கோப்பைதான் ஊற்றிக்கொள்வார். பேசும்போது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார். உள்ளே கோடைகாலத்திலும் கோட்டு போட்டிருக்கிற மனிதரைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மரியாதை என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

படங்கள் போன அன்றே ஸ்தாமென் முடிவெடுத்துவிட்டார். மாமியாரின் தாளைப் பார்த்த பிறகு அந்த முடிவுக்குக் கோபமும் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை வெல்கோ 'இருதரப்புச் சம்மதத்துடன்' விலகுவதாகக் கையெழுத்துப் போடுவார். அவருடைய இடம் ராலிட்சாவுக்கு. இதை ராலிட்சாவிடம் போனில் சொன்னபோது ஸ்தாமென் எதையோ மென்றுகொண்டிருந்தார். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவாகத்தான் இருக்கும், அவர் வேறு எதையும் மெல்லுவதில்லை.

ராலிட்சாவைப் பற்றி அவள் தெருவில் கேட்டால், நல்ல பெண்தான், ஆனால் பால்கனியில் துணி காயப்போடாமல் மடிக்கணினியைக் காயப்போடுகிறாள் என்பார்கள். முப்பத்தி நாலு வயது. கல்யாணம் ஒன்று ஆகி முடிந்தும் விட்டது. வெல்கோதான் அவளை வேலைக்கு எடுத்தவர். அந்த நாற்காலி தனக்குத்தான் ஒருநாள் வரும் என்று அவளுக்கும் தெரியும். இப்படி வரும் என்று நினைத்திருக்கமாட்டாள். ஆனால் வேண்டாம் என்றும் அவள் சொல்லவில்லை. சரி என்றுதான் சொன்னாள்.

அவளை உறுத்தியது வெல்கோ சொன்ன ஒரே ஒரு வாக்கியம். வெள்ளிக்கிழமை பென்ச்சோ போனில் கத்த, கிரில் நகத்தைக் கடிக்க, ஸ்தாமென் எழுந்து நிற்க, வெல்கோ தன் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்:

"நான் பூனைகளப் பாத்தேன்."

பக்கத்து மேசை கிரில் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "அண்ணே, மனுசன் வயசானா தேவதையப் பாப்பான். நீங்க பூனையப் பாத்திருக்கீங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. வெல்கோ தன் கையைப் பார்த்தார். பிறகு, "இல்ல, கைதான். கைதான் தப்பாப் பட்டிருக்கும்" என்று தானே ஒப்புக்கொண்டார். ஒருவர் தானே ஒப்புக்கொண்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு வசதி.

அந்தப் பூனைகள் என்ன என்று சொல்லாவிட்டால் கதை நகராது.

அந்த நிறுவனத்தில் படங்களை வைத்தெடுக்கும் கருவிக்குக் 'கிடங்கு' என்று பெயர். கறுப்புத் திரையில் கட்டளையாகத் தட்டவேண்டும்: கிடங்கு, எந்த இடம், என்ன வேலை, எந்தப் பெட்டி என்று நீளமாக. கை நடுங்குகிறவருக்கு நீளம் ஒரு தண்டனை. அதனால் வெல்கோ பட்டப்பெயர்கள் வைத்தார். கிடங்குக்கு ஒற்றை எழுத்தில் ஒரு பட்டப்பெயர். அதை வைத்து இன்னொன்று: 'முற்றம்'. முற்றம் என்றால் இன்று நான் வேலை செய்கிற இடம். சோதனை பார்க்கிற நாளில் முற்றத்தைச் சோதனைக் கிடங்குக்குத் திருப்புவார். கடை வேலை என்றால் உண்மையான கிடங்குக்கு. முற்றத்தை வைத்து மூன்றாவது: 'துடைப்பம்'. துடைப்பம் என்றால், இன்றைய முற்றம் எதுவோ அதில் இந்தப் பெட்டியை அழி. ஒரு பட்டப்பெயருக்குள் ஒரு பட்டப்பெயர், அதற்குள் இன்னொன்று. வீட்டில் மில்கா என்று கூப்பிட்டால் அவர் மனைவி வருவதுபோல, ஒரு சொல்லைத் தட்டினால் ஒரு வரி ஓடிவரும்.

தொல்லை என்னவென்றால், டேப் விசைக்கு இந்த உறவுமுறை தெரியாது. பாதிக் கட்டளையைத் தட்டி டேப்பை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பவேண்டும். எந்தெந்தப் பெட்டிகள் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டவேண்டும். 'கிடங்கு' என்று தட்டினால் காட்டும். 'துடைப்பம்' என்றால், யார் நீ என்று விழிக்கும். வெல்கோ கை வலிக்க வலிக்கப் பெட்டியின் பெயர்களை முழுதாகத் தட்டிக்கொண்டிருந்ததை ராலிட்சா சில மாதம் பார்த்தாள். யாரும் கேட்காமலே ஒரு சிறிய நிரல் எழுதினாள். டேப்பை அழுத்தினால் அது பட்டப்பெயரை உரிக்கும்: துடைப்பத்துக்குள் முற்றம், முற்றத்துக்குள் கிடங்கு. அடியில் இருக்கிற நிஜப் பெயரைக் கண்டுபிடித்து, அங்கே கேட்டு, பெட்டிகளைக் காட்டும். தன் பெயரையே தனக்குப் பட்டப்பெயராக வைத்துக்கொண்ட ஒரு கட்டளை அதில் மாட்டி, உரித்ததையே திரும்பத் திரும்ப உரித்து, கம்ப்யூட்டரின் விசிறி அலறிய கூத்தும் நடந்தது. அதையும் சரிசெய்தாள். பிறந்தநாள் பரிசுபோல வெல்கோவிடம் கொடுத்தாள். வேறு எந்தப் பரிசையும் வெல்கோ தினமும் இவ்வளவு தடவை உபயோகித்திருக்கமாட்டார்.

பூனைகள் சோதனைக் கிடங்கில் இருந்தன. அஞ்சலித் தாளின் கட்டம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, செத்தவர்களின் முகத்தை வைத்து விளையாட வெல்கோவுக்கு மனம் வரவில்லை. தெருப் பூனைகளைப் படமெடுத்துக் கறுப்புக் கட்டத்துக்குள் வைத்துப் பார்ப்பார். அந்தப் பெட்டிக்குப் பூனைகள் என்றே பெயர். உண்மையான கிடங்கில் பூனைகள் கிடையாது. மற்றப் பெட்டிகள் இரண்டிலும் ஒரே பெயரில் இருக்கும், நவம்பர் உட்பட. அதனால் எதையாவது பெருக்கும் முன் வெல்கோ துடைப்பம் என்று தட்டி டேப்பை அழுத்தி வரிசையைப் பார்ப்பார். பூனைகள் தெரிந்தால் நிற்பது சோதனை முற்றம், பயமில்லாமல் பெருக்கலாம். தெரியாவிட்டால் கையை எடுத்துவிடுவார். முற்றத்தை எங்கே திருப்பினோம் என்று அவர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பார்ப்பார். அதுதான் அவர் வழக்கம்.

வெள்ளிக்கிழமையும் பார்த்தேன் என்கிறார். ஆனால் அன்று காலை பென்ச்சோவின் வேலைக்காக முற்றத்தை உண்மையான கிடங்குக்குத் திருப்பியவர் அவரேதான். அங்கே பூனைகள் எப்படித் தெரியும்? மறந்துவிட்டார், வயது, கை, பாவம். முடிந்தது.

ராலிட்சா சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து தன் நிரலைச் சோதித்துப் பார்த்தாள். கறுப்புத் திரையின் ஜன்னலைத் திறந்து, முற்றத்தை அங்கே திருப்பி, மூடி, புதிதாகத் திறந்து டேப்; மறுபடி இங்கே திருப்பி, மூடி, புதிதாகத் திறந்து டேப். டேப் ஒவ்வொரு முறையும் சரியான பெட்டிகளைத்தான் காட்டியது. சோதனையில் பூனைகள் உண்டு, கடையில் இல்லை. அவள் மடிக்கணினியை மூடினாள். நிம்மதியாக இருந்தது என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. இருந்திருக்கும்.

ஞாயிறு மதியம், வெல்கோவின் சாமான்களைப் பெட்டியில் எடுத்துவைத்தால் திங்கட்கிழமை அந்த மனிதர் எல்லோர் முன்பும் குனிந்து பொறுக்கவேண்டி இருக்காது என்று அலுவலகத்துக்குப் போனாள். தன்யூபில் இருந்து மூடுபனி ஏறித் தெருவை நிரப்பியிருந்தது. அலுவலகத்தில் யாரும் இல்லை. இழுப்பறையில் கறுத்த வாழைப்பழம், மாத்திரை அட்டை ஒன்று, மில்கா பின்னிய மணிக்கட்டு உறை. மேசைக்கு அடியில் காலில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அணைந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெல்கோ திரையின் பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டுப் போகிறவர் போலும். அவள் அமுக்கினாள். பூட்டில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையின் கறுப்புத் திரை அப்படியே நின்றது. மேலே தள்ளிப் பார்த்தால் அதற்கு முந்தைய நாட்களின் வரிகளும் அதே ஜன்னலில் வரிசையாகக் கிடந்தன. மனிதர் வாரக்கணக்காக ஒரே ஜன்னலை மூடாமல் வைத்திருந்திருக்கிறார்.

முற்றம் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். உண்மையான கிடங்கு என்றது.

துடைப்பம் என்று தட்டி, என்டர் விசையில் இருந்து கையைத் தூர வைத்துக்கொண்டு, டேப்பை அழுத்தினாள்.

பெட்டிகள் வரிசையாக வந்தன. அக்டோபர். நவம்பர். மாலைகள். பூனைகள்.

ராலிட்சா நாற்காலியில் உட்கார்ந்தாள். வெல்கோவின் உடம்புக்குப் பள்ளம் விழுந்திருந்த நாற்காலி. ஏன் என்று யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை. எழுதியவள் அவள்தானே. டேப்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மூன்று அடுக்கையும் உரித்தால் ஒரு கண்சிமிட்டும் நேரம் தாமதமாகும். அந்தத் தாமதம் அவளுக்கு அவமானமாக இருந்தது. அதனால் ஜன்னலைத் திறக்கும்போது ஒருமுறை உரித்து, அடியில் கண்டதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தாள். ஜன்னலைத் தினமும் மூடித் திறக்கிறவர்களுக்கு அது போதும். திறந்த ஜன்னலுக்குள்ளேயே முற்றத்தைத் திருப்பினால், கட்டளை புதிய முற்றத்துக்குப் போகும். டேப் மட்டும் பழைய முற்றத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். பழைய முற்றத்துப் பூனைகளைக் காட்டி, புதிய முற்றத்து முகங்களைப் பெருக்கச் சொல்லியிருக்கிறது.

அவர் பூனைகளைப் பார்த்தது உண்மை.

இதற்கு அத்தாட்சி அந்த ஒரே ஜன்னல். அதை மூடினால் நினைவும் போய்விடும். திரும்பத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகக் காட்டும். கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டரின் பொத்தான் இருந்தது. நாளைக்கு அந்த நாற்காலி அவளுடையது. வெல்கோவே கைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அவள் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று கணக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. எதிர்க் கட்டடத்துக் கிழவர் மட்டும் பால்கனியில் சிகரெட் பிடித்தபடி, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெண்ணுக்கு ஆபீசில் என்ன வேலை என்று பார்த்துக்கொண்டிருந்தார். சிகரெட் முடிந்து இன்னொன்றும் பற்றவைத்தார் என்பது தெரியும். பிறகு அவள் திரையை அணைத்தாள். விசைப்பலகை மேல் ஒரு தாளை வைத்து, தொடாதே என்று பெரிதாக எழுதினாள். சாமான் பெட்டியைத் திரும்ப இழுப்பறைக்குள் கொட்டினாள்.

திங்கட்கிழமை அவள் முதல் ஆளாக வரவேண்டும் என்று நினைத்திருந்தாள். பஸ் மூடுபனியில் ஊர்ந்தது. உள்ளே நுழைந்தபோது கிரில் வெல்கோவின் மேசைக்கு அடியில் குந்தியிருந்தான். தாள் குப்பைக்கூடையில் கிடந்தது. அவன் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

"கிரில், கையெடு."

"உனக்குத்தான் சுத்தம் பண்ணிக் குடுக்கலாம்னு பாத்தேன். புது மகாராணிக்குப் பழைய தூசி எதுக்கு?"

"கையெடுன்னு சொன்னேன்."

அவள் குரலைக் கேட்டு அவன் எழுந்து நின்றுவிட்டான். பிறகு அன்று முழுவதும் அவன் மகாராணி என்று சொல்லவில்லை.

வெல்கோ கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். விலகிப் போகிறவரும் விருந்து வைக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். சாக்லேட் பெட்டி ஒன்றும், வீட்டில் காய்ச்சிய ரக்கியா சாராயப் பாட்டில் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். புதிதாகச் சவரம் செய்துகொண்டிருந்தார், தாடையில் வெட்டுக்காயம். எல்லோரும் ஆளுக்கொரு சாக்லேட் எடுத்துக்கொண்டார்கள், எடுக்காவிட்டால் குற்றம் என்பதுபோல. ஸ்தாமென் கையெழுத்துத் தாளை மேசையில் வைத்து, பேனாவை அதன் மேல் வைத்து, பேனா உருளாதபடி விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். வெல்கோ கோட்டுப் பைக்குள் இருந்து கையை எடுக்கவேண்டிய நேரம் அது.

"வெல்கோ அண்ணே, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவ உங்க எடத்துல உக்காருங்க" என்றாள் ராலிட்சா.

ஸ்தாமெனுக்கு இது பிரியாவிடைச் சடங்கு மாதிரி தோன்றியிருக்கவேண்டும்; முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை. வெல்கோ உட்கார்ந்தார். அவள் திரையின் பொத்தானை அமுக்கினாள். வெள்ளிக்கிழமையைத் திரும்பப் பார்த்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

முற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். அவர் தட்டினார். உண்மையான கிடங்கு என்று வந்தது. எல்லோருக்கும் தெரியும்படி அவள் நகர்ந்து நின்றாள். இப்போது துடைப்பம், பிறகு டேப். வேறெதையும் தொடவேண்டாம் என்றாள். நடுங்கும் கை என்டர் பக்கம் போகாமல் இருக்கத் தன் உள்ளங்கையை அந்த விசைக்கு மேல் கூரையாகப் பிடித்துக்கொண்டாள். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு டேப்பை அழுத்தினார்.

பூனைகள் வந்தன.

முதலில் புரிந்துகொண்டவன் கிரில். வாய்க்குப் போன சாக்லேட்டைத் திரும்பக் காகிதத்தில் வைத்தான். ஸ்தாமென் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"கடைக் கிடங்குல பூன எப்படி வந்துச்சு?"

"வரல. பூன இருக்கறது பழைய முற்றத்துல. டேப்பு பழசக் காட்டுது, தொடப்பம் புதுசப் பெருக்குது. டேப்புக்கு உரிச்சுக் குடுக்கறது என்னோட நிரல். ஜன்னலத் தொறக்கும்போது ஒரே ஒரு தடவதான் உரிக்கற மாதிரி எழுதிட்டேன்."

"ஏன்?"

"வேகமா இருக்கணும்னு."

"வேகமா வேணும்னு யாரு கேட்டா?"

ராலிட்சா "யாரும் கேக்கல" என்றாள்.

ஸ்தாமென் பேனாவில் இருந்து விரலை எடுத்தார். அது உருண்டு கீழே விழுந்தது; யாரும் எடுக்கவில்லை. அப்போது வெல்கோ திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். இவ்வளவு நாள் இது ஏன் நடக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லையே என்பதுபோலத் தொடங்கினார். முன்பெல்லாம் தினம் சாயங்காலம் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் போவேன், காலையில் புதிதாகத் திறப்பேன் என்றார்.

"இப்ப பாஸ்வேர்டு போட கை வர்றதில்ல. நீளமான பாஸ்வேர்டு. மூணு தடவ தப்பாப் போட்டாப் பூட்டிக்குது. அப்பறம் கிரில்கிட்டப் போய்த் தொறந்து விடுடான்னு நிக்கணும். ரெண்டு தடவ நின்னேன். அதுக்கப்பறம் ஜன்னல மூடறதயே விட்டுட்டேன்."

அந்த அலுவலகத்தில் தன் கையைப் பற்றி எல்லோர் முன்பும் அவர் விளக்கிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கிரில் தரையைப் பார்த்தான். அந்த இரண்டு தடவையும் அவன் ஏதாவது கிண்டல் செய்திருப்பான். என்ன சொன்னான் என்று நமக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, முகத்தில் எழுதியிருந்தது.

ஸ்தாமென் மன்னிப்புக் கேட்கிற வம்சம் இல்லை. கையெழுத்துத் தாளை நாலாக மடித்தார், தன் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தார். பிறகு ராலிட்சாவிடம், "அப்ப என் மாமியார் மொகத்தத் தின்னது நீதான்" என்றார்.

"நான்தான்."

"போய் வான்யாகிட்டச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

நாற்காலி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை. வெல்கோ அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்று மதியம் ராலிட்சா பென்ச்சோவின் கடைக்குப் போய், முகம் தொலைத்த குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, படங்களை மறுபடி வாங்கினாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் இரண்டாம் தடவை கொண்டுவந்தபோது வேறு படத்தைக் கொடுத்தார். இதில்தான் என் தம்பி சிரிக்கிறான், முதலில் இதைத் தேட நேரமில்லை என்றார். வான்யா கதவைப் பாதி திறந்து, நடந்ததை முழுவதும் கேட்டாள். அம்மாவின் மூன்று படங்களை எடுத்துவந்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். ராலிட்சா ஒன்றைக் காட்டினாள். வான்யா வேறொன்றைக் கொடுத்தாள். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒட்டுவதாகச் சொன்னாள். மூன்றாம் மாடிக்காரி மறுபடி இறங்கி வந்து பார்த்து, ஸ்தோயன்கா இப்போதுதான் அவளைப்போல இருக்கிறாள், சந்தேகப்பட்டுக்கொண்டே பார்க்கிறாள் என்றாள்.

சாயங்காலம் அலுவலகத்தில் வெல்கோ மட்டும் இருந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். ரக்கியாவில் இரண்டு சின்னக் கோப்பை ஊற்றியிருந்தார். அவர் கோப்பை பாதி.

மில்காவிடம் கையைப் பற்றி ஒருபோதும் சொன்னதில்லை என்றார். சாப்பிடும்போது ரொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாராம். சனிக்கிழமைதான் சொன்னார்: இப்படி ஆகிவிட்டது, கைதான், வேலை போகிறது என்று. மில்கா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முன்பே எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மணிக்கட்டு உறையை வேறெதற்குப் பின்னினாள்?

"இப்பப் போய்க் கை இல்ல, டேப்புன்னு சொல்லணும்" என்றார். "அப்ப டாக்டர்கிட்டப் போகவேண்டாமான்னு கேப்பா."

"போகணும் அண்ணே."

"போகத்தாம்மா போறேன். அன்னிக்குத் தப்புப் பண்ணல, அவ்வளவுதான். நடுங்கறது நடுங்கத்தான செய்யுது."

ராலிட்சா தன் கோப்பையைக் காலி செய்தாள். நிரலைத் திறந்து, நினைவில் வைத்துக்கொள்ளும் பகுதியை அழித்தாள். இனி டேப்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அடிவரைக்கும் புதிதாக உரிக்கும். அதோடு, உரித்ததை எல்லாம் பெட்டிகளுக்கு மேலே ஒரு வரியாகக் காட்டும்படியும் செய்தாள்: எந்தப் பெயருக்குள் எந்தப் பெயர், கடைசியில் எந்த இடம். ஒரு கண்சிமிட்டும் நேரம் தாமதமானது. இப்போது அவள் அதைக் குறைக்கப் பார்க்கவில்லை.

அந்த வாரம் கிரில் வெல்கோவின் பாஸ்வேர்டுக்குப் பதிலாக, கம்ப்யூட்டரில் செருகினால் திறக்கிற சின்னச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து, அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனான். டேப் மந்தமாகிவிட்டது என்று மட்டும் இரண்டு நாள் முணுமுணுத்தான். அப்படி ஏதாவது முணுமுணுக்காவிட்டால் அவன் கிரிலே இல்லை.

வெல்கோ முணுமுணுக்கவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளுடன் காலையில் மட்டும் வந்துபோகத் தொடங்கினார். எதையாவது பெருக்கும் முன் துடைப்பம் என்று தட்டுவார். டேப்பை அழுத்துவார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அது அங்கே நடுங்கிக்கொண்டிருக்கும். அவர் இப்போது அதை மறைப்பதில்லை. திரையில் வரி விரியும். துடைப்பம், அதற்குள் முற்றம், அதற்குள் கிடங்கு, அதன் இடம். உதடு அசைய அதை அடிவரைக்கும் படிப்பார். அதற்குப் பிறகுதான் கீழே பார்வையை இறக்கி, பூனைகள் இருக்கின்றனவா என்று தேடுவார்.